நாடக மேடைக்குச் செங்குருதி

மலைநாட்டுத் தோட்டங்களில் ஆடப்பெறும் கூத்துகளுள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் சிறப்புடையன என்பதை இறம்பொடைப் பகுதியில் வளர்ந்தோர் நன்கறிவர். காமன் எரிந்து சாம்பலாவதால் அக்கூத்திலே குருதிக்கு வேலையில்லை. பொன்னர் சங்கர் கதையோ அத்தகையதன்று. சங்கர் தன் வாளின்மீதே வீழ்ந்து மாய்கின்றான். கூத்துக்களரியிலே பாட்டும் மேளமும் அம்மரணத்தை உணர்த்திவிடும். மின்விளக்கின் கீழ், முன்வரிசையில் மாணவர் அமர்ந்திருக்கும் பாடசாலை மேடையிலோ, காயமுற்றவன் வெள்ளை வேட்டியிற் சிவப்புத் தென்படாவிடின் சிரிப்பொலி எழுந்துவிடும்.

யாம் மாணவராயிருந்த காலத்தில் ஒரு நாடகத்திற்குச் சிவப்பு மையைக் கரைத்துப் பூசினோம். அது தண்ணீர்போல் ஓடியது; இளஞ்சிவப்பாய் வெளிறியது; இரவலாகப் பெற்ற வேட்டியைவிட்டு இறுதிவரை அகலவேயில்லை. வேட்டிக்காரருக்கு யாம் கூறிய சமாதானம் நாடகத்தினும் நீண்டது.

நம் முன்னோர் கண்ட செங்குருதி மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த நீராகும். ஆலாத்தித் தட்டில் நாம் காண்பது அதுவே. கேரளத்துக் கதகளியில் மூக்கும் முலையும் அறுபட்ட அரக்கி தோன்றும் ‘நிணம்’ என்னும் வேடத்திற்கும் அரிசிமாவுடன் இவையே சேர்க்கப்படுகின்றன. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தாற் சிவக்கும். புளிப்பைக் கண்டால் மீண்டும் மஞ்சளாகும். ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விட்டுப் பார்ப்போர் இதனைக் கண்ணாரக் காணலாம். ஆயினும் இதனை மாணவர் முகத்திற் பூசுதலை யாம் ஒப்போம். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு விளைக்கும். தவறிப் பட்டுவிடின் உடனே நெடுநேரம் தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். வாளிலோ துணியிலோ பூசுவதோடு இதனை நிறுத்திக்கொள்க.

உடலிற் பூசவும் வாயோரம் வழியவிடவும் உண்ணத்தகும் பொருள்களே ஏற்றவை. ஒரு மேசைக்கரண்டி சோளமாவை அரைக்கோப்பைக் குளிர்ந்த நீரிற் கட்டியின்றிக் கரைத்து, அரைக்கோப்பைச் சீனி சேர்த்து, சிறு தீயிற் கிளறிக்கொண்டே காய்ச்சுக. பாணிப் பதம் வந்ததும் இறக்கி நன்கு ஆறவிடுக. பின்னர் உணவுக்குரிய சிவப்பு நிறமூட்டியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க. இவ்வளவில் நிறுத்தினால் அது சர்பத்தாகவே தோன்றும். ஒரு தேக்கரண்டி கொக்கோத் தூளைச் சிறிது வெந்நீரிற் குழைத்துச் சேர்த்த பின்னரே குருதியின் ஆழ்நிறம் வரும். புதிய காயத்திற்குக் கொக்கோ குறைவாகவும், உறைந்த பழங்காயத்திற்கு மிகுதியாகவும் இருத்தல் நன்று; உண்மைக் குருதியும் உலர உலரப் பழுப்பேறுவதன்றோ! கொக்கோ இல்லாதோர் நம் ஊர்க் கித்துள் பாணியைச் சிறிது சேர்க்கலாம். பீற்றூட் சாற்றைப் பலர் புகழ்வர். எமக்கு அது ஊதாவாகவே தெரிகின்றது.

1960ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சைக்கோ’ திரைப்படத்தில் குருதியாய் ஓடியது சொக்கலேற் பாணியே. கறுப்பு வெள்ளைப் படமாதலால் நிறம் பொருட்டன்று. வழியும் தன்மையே பொருட்டாயிற்று. மேடைக்கு இரண்டும் வேண்டும். நீல விளக்கின் கீழ்ச் சிவப்பு கருமையாகிவிடும். ஆதலின் ஒத்திகையன்றே, அரங்கிற்குரிய விளக்கின் கீழ், கடைசி வரிசையில் நின்று பார்த்தல் வேண்டும். முதல்நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, தோல் அரிக்கின்றதா என்பதையும் அறிந்துகொள்க.

உடை கறைபடுதலே பெருங்கவலை. நிறமூட்டிக் கறையை உலரவிடாது குளிர்ந்த நீரில் அலச வேண்டும். மஞ்சட் கறையோ சவர்க்காரம் பட்டதும் செக்கச்சிவந்து நம்மை அச்சுறுத்தும்; அதுவும் காரத்தின் செயலே. அலசி வெயிலிற் காயவிட்டால் நாளடைவில் வெளிறும். மூடுபனி மிக்க இறம்பொடையில் அந்த வெயிலுக்குச் சில நாள் காத்திருக்க நேரலாம். சீனிக் குருதியை நாடகத்தன்றே செய்துகொள்க. வைத்திருந்தாற் புளித்துவிடும், அதற்கு முன்னரே எறும்புகள் ஒப்பனை அறையைக் கண்டுபிடித்துவிடும்.