கொள்ளைநோய்க் காலத்தில் எக்ஸ் கதிர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் ஜெர்மனியில் ராண்ட்ஜென் கண்டறிந்த கதிர்களை நாம் வகுப்பில் அலைநீளமாகவும் ஆற்றலாகவும் படிக்கிறோம். 2020 இல் கோவிட் நோய் உலகெங்கும் பரவியபோது, வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கு அக்கதிர்கள் எவ்வாறு உதவக்கூடியனவாய் இருந்தன என்பதை இங்கு ஆராய விழைகிறேன்.

எக்ஸ் கதிர்களை எலும்பு மிகுதியாக உட்கவர்கிறது. காற்று மிகக் குறைவாகவே உட்கவர்கிறது. ஆதலால் காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கருமையாகத் தெரியும். அழற்சியால் காற்றுப்பைகளில் நீர் கோத்துக்கொண்டால் அவ்விடம் வெண்மையாகும். கோவிட் நோயில் இவ்வெண்மை பெரும்பாலும் இரு நுரையீரல்களிலும், கீழ்ப்பகுதியிலும் ஓரங்களிலும் காணப்படும்.

அப்படியானால் படத்தைக் கொண்டே நோயை உறுதி செய்யலாமா? இயலாது. பிற நுரையீரல் அழற்சிகளும் இத்தகைய தோற்றம் தரலாம். மேலும் 2020 இல் ஹாங்காங்கில் 64 நோயாளிகளை ஆராய்ந்ததில், முதற்படத்தில் 69 விழுக்காட்டினருக்கே மாற்றம் தெரிந்தது.

பின் பயன் யாது? தரம் பிரித்தலே. சளிப் பரிசோதனை முடிவு உரிய காலத்தில் கிடைக்குமிடத்தில், நோயை அறியப் படம் வேண்டியதில்லை. பரிசோதனை இல்லாதபோதும், முடிவு தாமதமாகும்போதும் படம் துணை செய்யும் என 2020 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரைப் படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்யவும், பிற பரிசோதனைகளுடன் சேர்த்துப் படத்தைப் பயன்படுத்தலாம் என்றது. படுக்கையும் ஆக்சிஜனும் அரிதாகிய நாட்களில் இது உயிர் காக்கும் முடிவன்றோ!

இதற்கு எளிய முறையொன்றை இத்தாலியின் பிரெசியா நகர மருத்துவர்கள் வகுத்தனர். நுரையீரல்களை ஆறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவர். மொத்தம் 18. மதிப்பெண் உயர்ந்தால் பாதிப்பு மிகுதி.

சி.டி. ஸ்கேன் இதனினும் நுட்பமானதே. ஆனால் மார்பு எக்ஸ் கதிர்ப் படத்தின் கதிரளவு ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட், சாதாரண மார்பு சி.டி.யில் அது ஏறத்தாழ 6 அல்லது 7. செலவும் மிகுதி. 2021 மே மாதத்தில், இலேசான நோயுற்றோர் சி.டி. எடுப்பதால் பயனில்லை என எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா எச்சரித்தார். கடன் வாங்கி ஸ்கேன் எடுக்கும் ஏழைக் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி இது.

எக்ஸ் கதிர்க் கருவியோ சக்கரங்களில் படுக்கையருகே வரும். நோயாளியை வார்டு வார்டாகக் கொண்டு செல்ல வேண்டியதில்லை. துடைத்துத் தூய்மை செய்வதும் எளிது. எனினும் கருவி மட்டும் போதாது. அதை இயக்கவும் படத்தைப் படித்தறியவும் பயிற்சி பெற்றோர் வேண்டும். இயற்பியல் பயிலும் நண்பர்கள் இத்துறையையும் எண்ணிப் பார்த்தல் நன்று.