பந்தய சைக்கிளின் சட்டகமும் காற்றுத் தடையும்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதலாவது ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பட்டது. அக்காலத்தில் ராக்கெட்டின் முனைக்கூம்பைச் சைக்கிளின் பின்புறத்தில் வைத்து எடுத்துச் சென்ற காட்சியைப் புகைப்படத்தில் பலர் கண்டிருப்பர். காற்றைப் பிளந்து செல்லும் கூம்பும், உருண்டைக் குழாய்களால் ஆகிய சைக்கிளும் அப்படத்தில் ஒருங்கே காணப்படுகின்றன. இன்றோ பந்தய சைக்கிளின் சட்டகமும் காற்றோட்டத்திற்கு ஏற்ற வடிவில் செய்யப்படுகிறது. கடைகளில் ‘ஏரோ பிரேம்’ என்று வழங்குவது இதுவே.

இதனை ஆராய்ந்தறிய வேண்டிய தேவை இம்மாவட்டத்தில் உண்டு. 2015-ஆம் ஆண்டின் 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளின்போது, காரியவட்டம் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியின் ஓடுதடத்தில் சைக்கிள் பந்தயங்கள் நடைபெற்றன. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. இவற்றால் ஊக்கம் பெறும் இளைஞர்கள் முதலில் யோசனை கேட்பது உடற்கல்வி ஆசிரியரிடமே. உயர்ந்த வகைச் சட்டகத்துடன் கூடிய சைக்கிளின் விலை பல இலட்சம் ரூபாய். கடன்பட்டு வாங்கிய சைக்கிள் உடலுக்குப் பொருந்தாமற் போயின், குடும்பத்தின் பொருளும் இளைஞனின் ஊக்கமும் ஒருசேர வீணாகும்.

தடை எழும் விதம்

சமதரையில் விரைந்து செல்லும் சைக்கிளோட்டி செலவிடும் சக்தியின் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. காற்றின் தடைவிசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவும், அதனை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்திற்கு ஏற்பவும் உயர்கின்றன. அதாவது, காற்று அசையாதிருக்கும்போது வேகம் இரு மடங்கானால் தேவையான திறன் எட்டு மடங்காகும்.

உருண்டைக் குழாயின்மீது மோதும் காற்று அதன் வளைவை முழுவதும் பின்பற்றுவதில்லை. குழாயின் மிகப் பருத்த இடத்தை நெருங்கும்போதே மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, பின்புறத்தில் சுழல்களை உண்டாக்குகிறது. அவ்விடத்தில் அழுத்தம் குறைவதால் குழாய் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. முன்புறம் உருண்டு, பின்புறம் சிறுகச் சிறுக ஒடுங்கும் வடிவமாயின் காற்று பிரியாமல் ஒட்டிச் செல்லும். தடையும் பல மடங்கு குறையும். கடலில் விரைந்து நீந்தும் சூரை மீனின் உடலமைப்பு இத்தகையதே. ஒலியினும் விரைந்து செல்லும் ராக்கெட்டுக்குக் கூர்மையான முனை வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் செல்லும் சைக்கிளுக்கு முனையைவிட வாலே முக்கியமானது.

நீண்ட வால் எடையைக் கூட்டும். பக்கக் காற்றிலும் அலைக்கழிக்கும். ஆதலின் தற்காலச் சட்டகங்களில் வாலின் இறுதிப் பகுதி வெட்டப்பட்டாற்போல் தட்டையாக அமைக்கப்படுகிறது. இவ்வாறு வெட்டினும் நற்பயனில் பெரும்பகுதி நிலைத்திருக்கும். இக்கருத்து மோட்டார் வண்டிகளின் அமைப்பை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் வூனிபால்டு காம் என்பவரின் பெயரால் வழங்குகிறது.

கணக்கு காட்டும் உண்மை

சட்டகத்தின் பயனை மதிப்பிடுமுன் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். மொத்தக் காற்றுத் தடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஓட்டுபவரின் உடலால் எழுவது. எஞ்சிய ஒரு பங்கையே சட்டகமும், சக்கரங்களும், ஹாண்டில்பாரும், பிற உறுப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன.

மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தை எடுத்துக்கொள்வோம். 30 பாகை வெப்பமுள்ள கடற்கரைக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.15 கிலோகிராம். ஓட்டுபவரின் முகப்பரப்பைத் தடைக்குணகத்தால் பெருக்கி வரும் எண், நிமிர்ந்து அமர்ந்தால் 0.40 சதுர மீட்டர் என்றும், முழங்கையை மடக்கிக் குனிந்தால் 0.32 என்றும் கொள்வோம். முன்னதற்கு 230 வாட்டும் பின்னதற்கு 184 வாட்டும் தேவை. அமரும் முறையை மாற்றிய அளவிலேயே 46 வாட் மிச்சமாகிறது.

இனிச் சட்டகத்தைப் பார்ப்போம். உருண்டைக் குழாய்ச் சட்டகத்தினும் காற்றுக்கு ஏற்ற சட்டகம் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 10 முதல் 20 வாட் வரை மிச்சப்படுத்தும் எனலாம். 36 கிலோமீட்டர் வேகத்தில் இப்பயன் ஏறத்தாழப் பாதியாகும்; 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கினும் குறையும். கூட்டமாகச் செல்லும் பந்தயத்தில் ஒருவர் பின் ஒருவர் ஒதுங்கிச் சென்றால், பின்செல்பவரின் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே குறைந்துவிடும். அந்நிலையில் சட்டகத்தின் பயன் மேலும் சுருங்குகிறது.

1989-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு நெடும்பந்தயம் இதற்குச் சான்று. இறுதி நாளில் 24.5 கிலோமீட்டர் தனியோட்டம் தொடங்கியபோது அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். கைகளை முன்னே நீட்டி உடலை ஒடுக்கி ஓட்ட உதவும் ஹாண்டில்பாரை அவர் பயன்படுத்தினார். முடிவில் 8 விநாடி வேறுபாட்டில் முழுப் பந்தயத்தையும் வென்றார். அத்தகைய நீட்டுக் கைப்பிடி தனியோட்டத்திற்கே உரியது. கூட்டப் பந்தயங்களில் அதற்கு அனுமதியில்லை.

சாலைக்கேற்ற தேர்வு

கழக்கூட்டத்திலிருந்து கோவளம் நோக்கிச் செல்லும் புறவழிச்சாலை பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிச் செல்வது. பிற்பகலில் வீசும் கடற்காற்று அங்குப் பக்கவாட்டில் தாக்கும். அகன்ற குழாய்களும் உயர்ந்த விளிம்புச் சக்கரங்களும் உள்ள சைக்கிளைப் புதியவர் நேராக நிறுத்துவது அரிது.

பொன்முடி போன்ற மலைச்சாலையில் நிலைமை வேறு. நூற்றுக்கு ஆறு ஏற்றமுள்ள பாதையில், சைக்கிளோடு 80 கிலோகிராம் எடையுள்ளவர் மணிக்கு 12 கிலோமீட்டர் ஏறினால், எடையை உயர்த்த 157 வாட் செலவாகும். காற்றுக்குச் சுமார் 7 வாட்டே. ஒரு கிலோகிராம் எடை குறைந்தால் 2 வாட் மிச்சம். ஆகவே காற்றுக்கு ஏற்ற சட்டகம் சில நூறு கிராம் கூடுதலாக இருப்பதும் பெருங்குறையன்று.

இவற்றைக் கருதின், தேர்வு செய்வோர் பின்வரும் வரிசையைப் பின்பற்றுதல் நலம்:

1. பொருத்தம்: குனிந்த நிலையில் ஒரு மணி நேரமேனும் கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு நோவின்றி ஓட்ட முடிகிறதா? முடியாதாயின் ஓட்டுபவர் நிமிர்ந்துவிடுவார். சட்டகம் தரும் பயனைப்போல் பல மடங்கு இழப்பார்.

2. டயர் இடைவெளி: 28 மில்லிமீட்டர் டயர் தடையின்றிச் சுழல இடம் வேண்டும்.

3. பழுதுபார்ப்பு: பிரேக் கம்பிகள் முழுவதும் சட்டகத்தினுள் செல்லுமாயின், ஹாண்டில்பாருக்கு அடியிலுள்ள பேரிங்கை மாற்றுவது கடினம். இரு பருவமழைகளும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் இது சிறு செய்தியன்று.

4. விதிகள்: சர்வதேசப் பந்தயங்களில் சைக்கிளின் எடை 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது. சட்டகமும் அங்கீகாரம் பெற்றதாதல் வேண்டும்.

5. செலவு: உடலோடு ஒட்டிய உடை, காற்றைத் தடுக்காத தலைக்கவசம், நல்ல டயர் ஆகியவற்றை முதலில் வாங்கி, எஞ்சிய பொருளைக் கொண்டே சட்டகத்தின் வகையை முடிவு செய்யவேண்டும்.

வகுப்புக்குரிய சோதனை

போக்குவரத்தில்லாத, சிறு சரிவுடன் தொடங்கிச் சமதரையில் முடியும் பாதையைத் தேர்க. மாணவர் தலைக்கவசம் அணிந்து, குறித்த இடத்திலிருந்து மிதிக்காமல் சைக்கிளை உருளவிடட்டும். நிமிர்ந்து மும்முறையும், குனிந்து மும்முறையும் செய்து, நிற்கும் தொலைவை அளந்து சராசரி காண்க. சைக்கிளும் மாணவரும் டயர் அழுத்தமும் மாறலாகாது. காற்று வீசாத காலை நேரமே ஏற்றது. சரிவு கூடுதலாக, வேகம் மிகுந்தால், இரு தொலைவுகளுக்கும் உள்ள வேற்றுமை தெளிவாகப் புலப்படும்.

சாதாரண சைக்கிளைக் கொண்டே இவ்வுண்மையைக் கண்டறிந்த மாணவர், விளம்பரத்தில் காணும் எண்ணை எந்த வேகத்தில், எந்த நிலையில் அளந்தனர் என்று கேட்கக் கற்றுக்கொள்வார். அக்கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே பணப்பையைத் திறப்பது தகும்.