பல்ஸ் ஆன்டெனா வேலைக்குப் போகிறீர்களா?

கார் டிஜிட்டல் சாவி முதல் மண்ணுக்கடியில் குழாய் தேடும் ரேடார் வரை, குறும்பல்ஸ் ஆன்டெனா தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. இ.சி.இ. முடித்தவர்கள் நேர்முகத் தேர்வுக்குப் பெரும்பாலும் ஒரே படத்தோடு போகிறார்கள்: 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை எஸ்11 கோடு மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழே. சக்தி திரும்பி வரவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். பல்ஸ் எந்த உருவத்தில் வெளியேறியது? கேள்வி அங்கேதான் விழும்.

லாக்-பீரியாடிக் ஆன்டெனாவையே பாருங்கள். எஸ்11 அருமையாக வரும். ஆனால் உயர் அதிர்வெண்கள் முனையிலுள்ள குட்டைக் கம்பிகளிலேயே கிளம்பிவிடும். தாழ்ந்தவை பின்னாலுள்ள நீளக் கம்பிவரை போய்த்தான் கிளம்பும். வெடுக்கென்று உள்ளே போன பல்ஸ் இழுபட்டு வெளியே வரும். டிவிக்கு இது பொருட்டே இல்லை. தூரம் அளக்கும் கருவிக்குத் தலைவலி.

வேலையில் சேர்ந்ததும் வி.என்.ஏ.வில் கை வையுங்கள். ஒரே மாதிரி இரண்டு ஆன்டெனாக்களை ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக வைத்து எஸ்21-ஐ ஃபேஸோடு சேர்த்து எடுங்கள். தலைகீழ் ஃபூரியர் போட்டால் பல்ஸ் திரையில் தெரியும். மேசையில் பட்டு 60 செ.மீ. கூடுதலாகச் சுற்றி வரும் அலை 2 நானோநொடி தாமதமாகத் தலைகாட்டும். டைம் கேட்டிங்கில் வெட்டிவிடுங்கள். பிறகு ஒன்றை 30, 60 டிகிரி திருப்புங்கள். நேரே ஒழுங்காக இருந்த பல்ஸ் பக்கவாட்டில் இரண்டாகப் பிளந்து நிற்பதும் உண்டு. அனுப்பிய உருவமே வரவில்லையே என்று பதறவேண்டாம்: ஒரே ஆன்டெனா வாங்கும்போது ஒரு மாதிரியும் அனுப்பும்போது அதன் டெரிவேட்டிவாகவும் நடந்துகொள்ளும். இயற்பியலே அப்படி.

மண் ரேடாரில் பெரிய எதிரி ரிங்கிங். போ-டை ஆன்டெனாவின் நுனியில் மோதிய மின்னோட்டம் திரும்பி வந்து அதிர்ந்துகொண்டே இருக்கும். மண்ணில் அலை நானோநொடிக்கு 10 செ.மீ. போகிறதென்றால், 20 செ.மீ. ஆழக் குழாயின் எதிரொலி 4 நானோநொடியில் வந்துவிடும். அதிர்வு அதுவரை அடங்காவிட்டால் குழாய் தெரியாது. கைகளில் ரெசிஸ்டர் பதித்தால் அடங்கும், சக்தி கொஞ்சம் சூடாக வீணாகும். இங்கே அந்தப் பேரம் பெரும்பாலும் லாபம்தான்.

கடைசி மில்லிமீட்டரைச் செதுக்குமுன் மெக்கானிக்கல் டீமிடம் பிளாஸ்டிக் உறையின் மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். வெறும் போர்டில் சரிசெய்த ஆன்டெனா, உறை போட்டதும் கீழ் அதிர்வெண்ணுக்கு நகரும். அதற்குள் அச்சு வார்க்க ஆர்டர் போயிருக்கும்.