முப்பதில் எத்தனை லிட்டர்?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி. பதினோரு வருஷமாக பெங்களூரு பானஸ்வாடியில் குடியிருக்கிறேன். போன வருஷம் 2021 மாடல் மஹிந்திரா தார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 18 அங்குலச் சக்கரம். டயரும் கம்பெனியில் வந்த அதே அளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்களோடு சிக்கபள்ளாபூர் தாண்டி, கல், மணல், ஏரிச்சேறு என்று ஓட்டிவிட்டு வருவோம். உள்ளே இறங்குமுன் டயர் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கிவிடுவோம். திரும்பும்போதுதான் வம்பு. போன தடவை நெடுஞ்சாலை ஏறியதும் முதல் பெட்ரோல் பங்கில் காற்று கேட்டேன். “காளி இல்லா சார்” என்றார் அங்கிருந்தவர். ஊருக்குப் புதிதாக வந்திருந்த என் மச்சான், “காலி இல்லேன்னா நெறைய இருக்குன்னுதானே மாமா அர்த்தம்?” என்கிறான். அடுத்த பங்கில் மெஷின் ரிப்பேர். தேவனஹள்ளி வந்து இறங்கிப் பார்த்தால் டயரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

ஒரு கம்ப்ரஸர் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். கையில் பிடிக்கிற சார்ஜ் பம்பே போதும், 150 பிஎஸ்ஐ வரை அடிக்கும் என்கிறார் ஒரு நண்பர். டபுள் சிலிண்டர் இல்லாமல் காட்டுக்குள் போகாதே என்கிறார் இன்னொருவர். அவருடையதை இரவல் வாங்கி சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டினேன், ஃபியூஸ் போய்விட்டது. எதை வாங்குவது? டயரில் நைட்ரஜன் அடித்திருக்கிறேன், அதன் மேல் சாதாரணக் காற்றை அடிக்கலாமா? பையன் சைக்கிளுக்கும் இதிலேயே அடித்துக்கொள்ளலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

— வாசகர், பானஸ்வாடி, பெங்களூரு

பதில்: உங்கள் மச்சானைக் குறை சொல்லாதீர்கள். கன்னடத்தில் காற்றின் பெயரே நம் காதில் ‘காலி’ என்றுதான் விழும். நானும் வந்த புதிதில் ஏமாந்தவன்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். அந்த 150-ஐ முதலில் மறந்துவிடுங்கள். உங்கள் டயருக்கு வேண்டியது முப்பதுக்கு முன்னே பின்னே; சரியான அளவு ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. நூறைத் தாண்டிய அழுத்தம் லாரி டயர் போன்றவற்றுக்குத்தான் வேண்டும். கட்டைவிரல் பருமனுள்ள சிலிண்டரில் சின்ன பிஸ்டனை ஓடவிட்டால் 150 வந்துவிடும். அது பெரிய வித்தை இல்லை. எத்தனை நேரத்தில் வரும் என்பதைத்தான் பெட்டியில் போட மாட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முப்பது பிஎஸ்ஐ எதிர்த்துத் தள்ளும்போது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று உள்ளே போகும்?

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் டயர் 255/65 ஆர்18. அதன் வயிற்றுக்குள் ஏறத்தாழ 65 லிட்டர் இடம் இருக்கும். (ஜிம்னி போன்ற சின்ன வண்டிக்காரருக்கு 40 லிட்டர் சொச்சம்தான், அவர் சொல்லும் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது.) இதை 15-லிருந்து 30-க்கு ஏற்ற வேண்டும். கடலோரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே 13.3 போலத்தான். அதாவது நம் ஊர்க் காற்று கொஞ்சம் மெலிந்த காற்று. சென்னையில் ஒரு டயருக்கு 66 லிட்டர் உறிஞ்சினால் போதும் என்றால் இங்கே 73 லிட்டர் வேண்டும். நாலு டயருக்கு 290 லிட்டர். அதே கம்ப்ரஸர் கீழே முடிக்கும் வேலைக்கு இங்கே பத்தில் ஒரு பங்கு கூடுதல் நேரம் எடுக்கும். கடற்கரை ஊர்க்காரர் கொடுத்த விமர்சனத்தைப் படித்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இப்போது அந்தச் சார்ஜ் கைப்பம்பு. அதற்குள் இருக்கும் பேட்டரி பெரும்பாலும் 15-லிருந்து 30 வாட்-அவர். உங்கள் நாலு டயரையும் ஏற்ற, இழப்பே இல்லாத கற்பனை இயந்திரத்துக்கே 7 வாட்-அவர் தேவை. நிஜ மோட்டாரும் பிஸ்டனும் வாங்கும் மின்சாரத்தில் முக்கால்வாசியைச் சூடாகவே வெளியே விடும். ஆகவே 30 வாட்-அவர் வரை எளிதாகப் போய்விடும். இரண்டாவது டயரிலேயே மூச்சு வாங்கும், மூன்றாவதில் சிவப்பு விளக்கு எரியும். ஊருக்குள் 28-ஐ 32 ஆக்க அருமையான சாமான் அது. நண்பர் பொய் சொல்லவில்லை, அவர் கார் தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

டபுள் சிலிண்டர் என்று சொன்னாலே பெரிது என்று நினைத்துவிடாதீர்கள். சின்னச் சிலிண்டர் இரண்டைவிடப் பெரிய சிலிண்டர் ஒன்று மேலாக இருக்கலாம். பெட்டியில் ‘70 லிட்டர்’ என்று போட்டிருந்தால் அது ஹோஸின் மறுமுனை சும்மா திறந்திருக்கும்போது வரும் அளவு. டயரில் அழுத்தம் ஏற ஏற வரத்து குறையும். சைக்கிள் பம்பு அடித்தவர்களுக்கு இது கைப்பட்ட பாடம். பிஸ்டன் மேலே போய் முட்டும் இடத்தில் மிச்சமிருக்கும் இண்டில் அழுத்தக் காற்று தங்கிவிடும். பிஸ்டன் இறங்கும்போது முதலில் அது விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புதுக் காற்று நுழைவது தாமதம். போதாததற்கு மோட்டாரும் சுமையில் வேகம் குறையும். நேர்மையான கம்பெனி இரண்டு எண்ணையும் தரும். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி தன் 12 வோல்ட் ஒற்றைக் கம்ப்ரஸருக்கு எதிர் அழுத்தம் இல்லாதபோது 75 லிட்டர், 29 பிஎஸ்ஐயில் 62 லிட்டர் என்று போடுகிறது. இரட்டைக்கு 174, பிறகு 132. நல்ல சாமானிலேயே இவ்வளவு இறங்குகிறது. பெயர் தெரியாத பெட்டியில் எவ்வளவு இறங்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஏஆர்பி வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கு அந்த விலை வீண். சில பெட்டிகளில் அளவு கன அடியில் இருக்கும். 28-ஆல் பெருக்கினால் லிட்டர்.

பங்கில் அரை நிமிடத்தில் அடித்துவிடுகிறார்களே என்று தோன்றும். கோவை எல்ஜி மாதிரியானவர்கள் செய்து பங்குகளிலும் பட்டறைகளிலும் நிற்கும் கம்ப்ரஸரில் டேங்க் இருக்கிறது. காற்றைச் சேமித்து வைத்துத் திறந்துவிடுகிறார்கள். நீங்கள் டிக்கியில் போட்டுக்கொண்டு போவதில் சேமிப்பு கிடையாது, அன்றாடங்காய்ச்சி. அதனால் வரத்துதான் எல்லாம்.

இதற்குச் சமமான முக்கியத்துவம் ஓடும் நேரத்துக்கு. ‘டியூட்டி சைக்கிள் 33 சதவீதம்’ என்றால் அரை மணியில் பத்து நிமிடம் ஓடலாம், மீதி ஓய்வு. அது எந்த அழுத்தத்தில் சொன்னது என்றும் பாருங்கள். 100 பிஎஸ்ஐயில் 33 என்றால் 30-இல் நிறையவே ஓடும். சூடு மிஞ்சினால் தானாக நிற்கும் வசதி கட்டாயம் வேண்டும். இதைப் பணம் கொடுத்துக் கற்றவன் நான். பல வருஷம் முன்பு கைவாரா பக்கத்திலிருந்து திரும்பும்போது, மலிவாக வாங்கிய ஒரு பம்பு மூன்றாவது டயரில் பொசுங்கல் வாசனை விட்டது. சிலிண்டர் தலையோடு ஹோஸ் சேரும் இடம் இளகி, சொருகியது சொருகியபடி கழன்று விழுந்தது. இருட்டிக்கொண்டு வருகிறது. சாலையோரம் டீ குடிக்க நிறுத்தியிருந்த நாமக்கல் லாரியின் ஓட்டுநர் வந்து பார்த்தார். “பம்பு எதுக்கு சார், நம்ம வண்டியிலயே காத்து இருக்கே” என்று ஒரு நீள ஹோஸை எடுத்து, பிரேக்குக்குக் காற்று தேக்கும் டேங்கிலிருந்து இழுத்து நாலையும் ஏற்றிவிட்டார். லாரி பிரேக் காற்றில்தான் ஓடுகிறது. அந்த டேங்கில் நூறு பிஎஸ்ஐ வாக்கில் எப்போதும் இருக்கும். டீக்காசு மட்டும்தான் வாங்கிக்கொண்டார். பம்பு வாங்கிய பிறகும் இந்த வழியை நினைவில் வையுங்கள்.

ஓட்டுகிறவரே இறக்கி ஏற்றிக்கொள்வது புது யோசனையும் இல்லை. இரண்டாம் உலகப்போரில், 1942-இல் வந்த அமெரிக்க ‘டக்’ என்ற நீர்-நில லாரியில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். கடலிலிருந்து மணலில் ஏறும்போது குறைப்பு, சாலைக்கு வந்ததும் ஏற்றம். நாம் இறங்கிக் குனிந்து செய்கிறோம்.

ஃபியூஸ் போனது நல்லதுக்கே. லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலான வண்டிகளில் 10 அல்லது 15 ஆம்பியர். பன்னிரண்டு வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட். உங்களுக்கு வேண்டிய அளவிலான கம்ப்ரஸர் 25, 30 ஆம்பியர் வரைகூட இழுக்கும். யாராவது ‘பெரிய ஃபியூஸ் போட்டுக்கோ’ என்றால் கேட்காதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயர் எரியும். பானெட்டைத் திறந்து, கிளிப்பை நேராக பேட்டரியில் மாட்டுகிற ரகமாக வாங்குங்கள். ஒயரிலேயே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். அடிக்கும்போது எஞ்சின் ஓடட்டும், பேட்டரி தொய்யாது. ஒயர் தடிமனாகத் தெரிவதெல்லாம் செம்பு இல்லை. செம்பு பூசிய அலுமினியம் நிறைய வருகிறது. பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கடைக்காரர் சுரண்ட விடமாட்டார், அது வேறு.

ஹோஸ் நீளத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். பேட்டரி முன்னால், தாரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.45 மீட்டர், ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. குறைந்தது ஐந்து மீட்டர் நிம்மதியாக எட்ட வேண்டும். சுருள் ஹோஸ் ஏழு மீட்டர் என்று போட்டிருந்தாலும் முழுதாக இழுத்தால் அது திரும்ப இழுக்கும், வால்வு பாவம். வால்வில் மாட்டும் முனை நெம்புகோல் வகையாக இருந்தால் கழற்றும்போது காற்று அதிகம் போகாது. திருகு வகை கழற்றுவதற்குள் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐயைப் பறித்துவிடும்.

ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் வாங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியையே எடுத்துக்கொண்டு போங்கள். (அங்கே நிறுத்த இடம் தேடுவதே ஒரு ஆஃப்ரோடு.) ஒரு டயரை 15-க்கு இறக்கி, செல்போனில் நேரம் வைத்து 30-க்கு ஏற்றச் சொல்லுங்கள். 73-ஐ நிமிடத்தால் வகுத்தால் அந்தப் பெட்டியின் உண்மை தெரியும். இரண்டு நிமிடம் என்றால் 36 லிட்டர்; உங்களுக்கு அது போதும், வாங்குங்கள். நாலு நிமிடம் என்றால் 18; நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முடிந்தால் நாலு டயரையும் செய்து பாருங்கள், மூன்றாவதில்தான் சாயம் வெளுக்கும். இந்தத் தரத்தில் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் தேடினால் கிடைக்கும். கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் நான் கைப்பம்புக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்துவைத்து அடுத்த மாதம் இதை வாங்குவேன்.

கம்ப்ரஸரோடு வரும் மீட்டரை ஓடும்போது நம்பாதீர்கள். அது ஹோஸில் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும், டயரில் இருப்பதை இல்லை. நிறுத்திவிட்டுப் பாருங்கள், தனியாக ஒரு கேஜும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டி முடித்த டயர் சூடாக இருக்கும். பத்து டிகிரி சூடு ஒன்றரை பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். ஆகவே காட்டோரத்தில் 30 வைத்தது மறுநாள் காலை 28 என்று நின்றால் பஞ்சர் என்று பதறாமல், குளிர்ந்த டயரில் சரிசெய்யுங்கள். குடும்பத்தோடு சென்னை இறங்கினால் அங்கே இதற்குக் கூடுதலாக ஒரு சங்கதி. வெளிக்காற்று அங்கே கனம் என்பதால், வெப்பநிலை மாறாவிட்டால், கேஜ் ஒன்றரை பிஎஸ்ஐ வரை குறைத்துக் காட்டும். சென்னை வெயில் பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும்.

கம்ப்ரஸரைச் செம்மண்ணில் வைத்து ஓட்டாதீர்கள். சிக்கபள்ளாபூர் பக்கத்துப் புழுதி மாவு மாதிரி. காற்று உறிஞ்சும் வாயில் இருக்கும் பஞ்சு அடைத்துக்கொள்ளும், பிறகு பிஸ்டன் ரிங் தேயும். மிதியடி ஒன்றைப் போட்டு அதன் மேல் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 15 பிஎஸ்ஐயோடு நெடுஞ்சாலையில் தேவனஹள்ளி வரை வந்தது பெரிய தப்பு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரியும். வேகம் கூடக் கூட அந்தச் சூடு உள்ளே சேர்ந்து நூலிழைகளைப் பிரிக்கும். அது வெளியே தெரியாது. டயர்க் கடையில் நாலையும் ரிம்மிலிருந்து கழற்றி உட்சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் தூள் உதிர்ந்து கிடந்தாலோ, வட்டமாகக் கறுத்த கோடு ஓடியிருந்தாலோ அந்த டயரை மாற்றிவிடுங்கள். கம்ப்ரஸர் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

நைட்ரஜன் மேல் தாராளமாகக் காற்றை அடிக்கலாம். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

சைக்கிளுக்கு: பையனுடையது சாதாரண ஊர் சைக்கிள் என்றால் அதன் வால்வு வேறு வகை, வால்ட்யூப் போட்டது, கார் முனை அதில் பிடிக்காது. சின்ன அடாப்டர் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் சைக்கிள் ட்யூபில் ஒன்றிரண்டு லிட்டர்தான் இடம். உங்கள் கம்ப்ரஸர் அதைச் சில விநாடியில் நிரப்பி, அடுத்த சில விநாடியில் வெடிக்கவைத்துவிடும். பையனுக்குக் கையால் அடிக்கிற சைக்கிள் பம்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.