கழிவுநீரில் ஹார்மோன் மாசு: அகற்றும் முறையும் தடுக்கும் வழியும்

சிதறால் வட்டாரத்தில் வாழைக்கும் தென்னைக்கும் வீட்டுக் கழிவுநீரைப் பாய்ச்சுவது பழக்கமானதே. அந்நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. ஆனால் ஹார்மோன்களின் வேலையைக் கெடுக்கும் சில இரசாயனங்களும் அதில் கலந்து வருகின்றன. இவை குளத்தில் சேர்ந்தால் மீன்களின் இனப்பெருக்கம் பாதிக்கப்படும்.

மாசு எது?

மனிதர், கால்நடைகளின் சிறுநீரில் வெளியாகும் ஈஸ்ட்ரோஜன், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஹார்மோன், சில சலவைப் பொருள்களிலிருந்து உண்டாகும் நோனைல்பீனால், சில சோப்புகளில் சேர்க்கப்படும் டிரைக்ளோசான் ஆகியவை முக்கியமானவை. காவிரி, வெள்ளாறு, நெல்லைத் தாமிரபரணி ஆகிய ஆறுகளில் டிரைக்ளோசான் இருப்பதைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்டனர்.

கனடாவில் 2001 முதல் 2003 வரை ஓர் ஏரியில் கருத்தடை ஹார்மோனைக் கலந்து சோதித்தனர். அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம்தான். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே நானோகிராம். அதற்கே ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்தன. ஒரு சிறுமீன் இனம் அந்த ஏரியில் அழியும் நிலைக்கு வந்தது.

நிலையத்தில் நடப்பது

சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் கசடு படியவிடப்படுகிறது. பின்னர் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்க்கின்றனர். நுண்ணுயிர்ச் சேறு பத்து நாட்களுக்கு மேல் தொட்டியில் தங்கினால் இயற்கை ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதி சிதைந்துவிடும். செயற்கை ஹார்மோன் எளிதில் சிதையாது. நோனைல்பீனால் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். நீரில் எஞ்சியதை நீக்க ஓசோன் வாயுவோ, ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் கிளர்வூட்டிய கரியோ தேவை. ஸ்விட்சர்லாந்தில் 2016 முதல் தேர்ந்தெடுத்த நிலையங்களில் இம்முறைகள் சட்டப்படி அமைக்கப்பட்டு வருகின்றன.

சிரட்டையின் பயன்

இக்கரியை நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே செய்யலாம். சிரட்டைக்கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் சூடாக்கினால் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 25 சென்ட் நிலத்தின் அளவு. இத்துளைகளில் மாசு ஒட்டிக்கொள்கிறது. அடுப்புக்கரிக்கு இத்திறன் இல்லை. எனவே வீட்டுக்கரியில் வடிகட்டினால் போதும் என எண்ண வேண்டாம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

சிற்றூர்களில் இத்தகைய நிலையம் இருப்பதில்லை. ஆகவே மாசு சேராமல் தடுப்பதே சிறந்தது.

1. செப்டிக் டேங்க் வழிநீரைக் குளம், வாய்க்கால், கிணற்றோரத்தில் விடக்கூடாது.

2. குளித்த, துவைத்த நீரை மட்டும் கல்வாழை நட்ட மணல், சரளைப் பாத்தி வழியே விட்டு வாழைக்குப் பாய்ச்சலாம். காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் மாசை ஓரளவு சிதைக்கும்.

3. லாரியில் வரும் கழிவுச் சேற்றை அப்படியே நிலத்தில் கொட்ட விடாதீர்கள். மாட்டுச் சாணத்தையும் மட்கவைத்தே இடுங்கள். குவியலை அவ்வப்போது கிளறிக் காற்றுப் படச் செய்தால் ஹார்மோன் குறையும்.

4. மீந்த மாத்திரைகளைக் கழிப்பறையில் போடாதீர்கள். மருந்து தெளிப்பானைக் குளத்தில் கழுவாதீர்கள்.

குளத்தில் மீன் வளர்ப்போர் இவற்றைத் தவறாது கடைப்பிடித்தால் மீன் குஞ்சும் குறையாது, நீரும் கெடாது.