கணினி மெதுவாகிவிட்டதா? காசை எதில் போடுவது

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் இரண்டு யோசனைகள்தான் வரும். ஒன்று, ‘ஃபார்மட் அடிச்சிடுங்க’. இன்னொன்று, ‘பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க’. முதலாவதில் கிடைக்கும் வேகம் பல நேரம் சில வாரம்கூடத் தங்காது. இரண்டாவது, குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளத்தையே கேட்கும். இவை இரண்டுக்கும் நடுவே பைசா செலவில்லாத வழியும் உண்டு, சில ஆயிரத்தில் முடிகிற வழியும் உண்டு. உங்கள் கணினிக்கு எது பொருந்தும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளும், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சதவீத எண்ணும் தெரியும். கணினியைப் போட்டவுடன் பார்க்க வேண்டாம். அப்போது எல்லா எண்ணும் துள்ளும். பத்து நிமிடம் விட்டு, தினமும் செய்கிற வேலையைச் செய்துகொண்டே பாருங்கள். மெமரி பாதியளவில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-லேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. மெமரி 90-ஐ ஒட்டி இருந்தால் ரேம் போதவில்லை. சிபியு 100-ஐ விட்டு இறங்கவே இல்லை என்றால் அந்தத் தலைப்பைச் சொடுக்குங்கள். அதிகம் இழுக்கும் மென்பொருள் மேலே வந்து நிற்கும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதிவைக்கும்; வேண்டும்போது திரும்ப எடுக்கும். அதனால் 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் ரேம் பற்றாக்குறையே டிஸ்க் 100 என்ற உருவத்தில் தெரியலாம். டிஸ்க் எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. பக்கத்தில் மெமரி எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும்.

செலவில்லாததை முதலில் செய்துவிடுவோம். அதே டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதி உண்டு. கணினியைப் போட்டதும் தாமாக எழுந்துகொள்ளும் மென்பொருள்கள் அங்கே வரிசையாக இருக்கும்: எப்போதோ ஒரு கூட்டத்துக்காக நிறுவிய வீடியோ செயலி, பிள்ளைகளின் கேம், டோரன்ட், பிரின்டரோடு வந்த துணைச் செயலிகள். வேண்டாததை ‘டிசேபிள்’ செய்தால் போதும், அழிக்க வேண்டியதில்லை. ஆன்டிவைரஸையும், டச்பேட், ஒலி சம்பந்தமானவற்றையும் தொடாதீர்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். சி டிரைவ் நிரம்பி வழிந்தால் கொஞ்சம் இடம் விடுங்கள். லேப்டாப் தொட்டால் சுடுகிறதா, விசிறி ஓயாமல் இரைகிறதா? தூசியைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வேகம் கூட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் ‘பூஸ்டர்’, ‘கிளீனர்’ மென்பொருள்களை நிறுவவே வேண்டாம். ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கும் மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே திணறும் கணினியில் எந்நேரமும் ஓடும் இன்னொரு மென்பொருளை ஏற்றுவதால் கூடுவது சுமைதான்.

இனிச் செலவு. ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு, அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டிதான் முதல் செலவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய லேப்டாப்களின் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி நொடி. தகவல் இருக்கும் இடத்துக்கு ஊசி நகர வேண்டும், பிறகு அந்த இடம் சுழன்று ஊசிக்கு அடியில் வர வேண்டும். விண்டோஸ் எழும்போதோ பிரவுசர் திறக்கும்போதோ டிஸ்க்கின் மூலைமுடுக்கிலிருந்து ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. அங்கே ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி நொடி அளவுதான் ஆகும். சிடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே கைவைப்பதால்தான் பத்து வருட லேப்டாப்பும் எஸ்எஸ்டி போட்டதும் வேறு கணினி போல ஆகிவிடுகிறது.

எந்த எஸ்எஸ்டி? பழைய கணினி என்றால் இரண்டரை அங்குல சாட்டா வகைதான். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். இது நொடிக்கு 550 எம்பி வரை போகும். என்விஎம்இ வகை அதைப் போலப் பல மடங்கு வேகம் என்று பெட்டியில் போட்டிருக்கும், அது உண்மையும்கூட. ஆனால் கடிதம், கணக்கு, பிரவுசர், படம் பார்ப்பது என்ற அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். என்விஎம்இ பொருத்தும் எம்.2 ஸ்லாட் இருந்தாலும் சில கணினிகளில் சாட்டா மட்டுமே ஓடும்; மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 256 ஜிபி போதும், போட்டோ நிறைய என்றால் 512. கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அந்த டிஸ்க்குக்கு மஞ்சளோ சிவப்போ காட்டினால் வேறு யோசனை எதுவும் வேண்டாம். அன்றைக்கே எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் எடுங்கள்.

ரேம் இரண்டாவது. 4 ஜிபியிலிருந்து 8-க்குப் போவது நன்றாகத் தெரியும். 8-லிருந்து 16 என்பது வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும் ஏகப்பட்ட டேப் திறந்துவைப்பவர்களுக்கும்தான். டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் மெமரியைத் தட்டினால் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 உட்காராது. மெல்லிய லேப்டாப் சிலவற்றில் ரேமை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடும் ரேம் வீண். இரண்டுமே தேவைப்பட்டு ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை எடுங்கள். ரேம் நிரம்பி டிஸ்க்குக்குப் போகும் வேலையும் அதனால் வேகமாகும்.

ஃபார்மட் அடிப்பது வைரஸ் புகுந்த கணினிக்கும், எஸ்எஸ்டி மாற்றும்போதும் சரி. ஹார்ட் டிஸ்க்கின் மந்தத்தை அது தீர்க்காது. ஃபார்மட் அடிக்கும் முன், டாலியில் கணக்கு வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டரை நகல் எடுங்கள். டிஸ்க்குக்கு பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் ரெக்கவரி கீயைக் குறித்துவையுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையும் எடுத்துவைக்க மறக்காதீர்கள். அவை போய்விட்டால் அப்பா தட்டச்சு செய்த பழைய கோப்பைத் திறக்கும்போது வரிவரியாக ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

வேகம் ஒருபுறம் இருக்க, எந்த விண்டோஸ் என்பதும் முக்கியம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் பழையவை இந்த வரம்புக்கு வெளியேதான் நிற்கின்றன. இவற்றுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் நல்ல வழி, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். தமிழ்99 தட்டச்சும் உண்டு. டாலி, ஃபோட்டோஷாப் இரண்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவற்றை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

புதுசு வாங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். சேமிப்பகம் இஎம்எம்சி வகை, ரேம் 4 ஜிபி, இரண்டும் போர்டிலேயே ஒட்டியது என்றால் அந்த லேப்டாப்பில் மாற்ற ஒன்றுமில்லை. சுத்தம் செய்தும், ஸ்டார்ட்அப்பைக் குறைத்தும், வெறும் பிரவுசர் திறந்தாலே சிபியு 100-க்குப் போகிறது என்றால் எஸ்எஸ்டியும் ரேமும் காப்பாற்றாது. அப்படி வாங்கும்போது 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்பதற்குக் கீழே இறங்காதீர்கள். கூடவே, காலியாக ஒரு ரேம் ஸ்லாட் உள்ள மாடலைக் கேளுங்கள்.