பக்கத்து வீட்டுச் சத்தம்: நம் வீட்டு ஆண்களுக்கும் பங்கு உண்டு



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. ராத்திரி பத்து மணி. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளுது, ஒரு பெண் அலறுகிறாள். இந்தப் பக்கம் நம் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். "அது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், நமக்கு எதுக்கு வம்பு?" என்கிறார்.

இது எங்கோ ஒரு வீட்டுக் கதையா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்கு சுமார் 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். 15 பேர் உள்ள குழுவில் ஐந்தாறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடிதான் காரணம், பணம்தான் காரணம் என்கிறோம். குழுக்கடன் பணத்தைக் கேட்டு அடிப்பவரும் உண்டு. ஆனால் அதே ஆள், எஸ்டேட் கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டினால் கை ஓங்குவாரா? மாட்டார். வீட்டில் மட்டும் ஏன் ஓங்குகிறார்? கேட்க ஆளில்லை என்ற தைரியம்தான். அந்தத் தைரியத்தைக் கொடுப்பது அக்கம்பக்கத்து ஆண்களின் மௌனம்.

கேட்ட ஆண்கள் உண்டு

1991-இல் மும்பையில் பத்திரிகையாளர் சி.ஒய். கோபிநாத் நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுத்தார். மனைவியை அடிப்பது தப்பு என்று நினைக்கிற ஆண்கள் முன்வர வேண்டும் என்று கேட்டார். 205 ஆண்கள் பதில் எழுதினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1993-இல் தொடங்கிய 'மாவா' என்ற ஆண்கள் அமைப்பு.

2008-இல் 'பெல் பஜாவோ', அதாவது 'மணியை அடியுங்கள்' என்ற பிரச்சாரம் டிவியில் வந்தது. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால், ஒரு ஆண் போய் காலிங் பெல்லை அடிப்பார். கொஞ்சம் பால் கிடைக்குமா என்று கேட்பார். சண்டை போடவில்லை, புத்தி சொல்லவில்லை. 'எனக்குக் கேட்குது' என்பது அடிப்பவனுக்குப் புரிந்துவிடும். ஓங்கிய கை இறங்க அது உதவும்.

நாம் என்ன செய்யலாம்?

1. கணவர், அண்ணன், தம்பி, வளர்ந்த மகன் ஆகியோரிடம் இதைப் பேசுங்கள். தெருவுக்கு இரண்டு ஆண்களாவது தயாராகட்டும்.
2. சத்தம் கேட்டால் கதவைத் தட்டலாம். கத்தி, கட்டை இருந்தால் தனியாகப் போகக் கூடாது. 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.
3. மறுநாள் அந்தப் பெண்ணிடம் தனியாக, "உனக்கு என்ன வேணும்மா?" என்று கேளுங்கள். அவளைக் கேட்காமல் பஞ்சாயத்து வைக்காதீர்கள். "பொறுத்துப் போ" என்று அனுப்பினால், அடுத்த அடி இன்னும் பலமாக விழலாம்.
4. 181 பெண்கள் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம்.

சட்டம் துணை நிற்கிறது

"புகார் கொடுத்தா நாம மாட்டிப்போமே" என்று ஆண்கள் தயங்குவார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. பாதிக்கப்பட்ட பெண்ணை வீட்டை விட்டுத் துரத்தவும் சட்டம் இடம் தராது.

குழுக் கூட்டத்தில் பேச:

- நம் தெருவில் கதவைத் தட்டக்கூடிய ஆண் யார்?
- "ஆம்பளைன்னா அடிக்கத்தான் செய்வான்" என்று நாமே மகனிடம் சொல்லியிருக்கிறோமா?
- நம் குழுவில் அடி வாங்கும் உறுப்பினர் மனம் விட்டுப் பேச வழி இருக்கிறதா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீட்டு ஆண் ஒருவரிடமாவது பேசிவிட்டு வாருங்கள். அவர் என்ன சொன்னார் என்பதிலிருந்து கூட்டத்தைத் தொடங்குவோம்.